குறிப்பைப் படிப்பவர் யார்? – ஜாவா வாசகர் கேள்வி பதில்

ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதுவோரின் ஐயங்களை அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அனோட்டேஷன் (@ குறியுடன் நிரலில் இடும் குறிப்பு), டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் (ஒரு கிளாஸுக்குத் தேவையானதை வெளியிலிருந்து கொடுக்கும் முறை) ஆகிய இரண்டைச் சுற்றியே இருந்ததால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம். ஒரே தன்மையுள்ள கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பயன்பாட்டில் @வெப்சர்வீஸ் என்று குறிக்கப்பட்ட ஒரு சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் முறை) சர்வீஸ் கிளாஸ் இருக்கிறது. அதற்குள் கணக்குகளைக் கவனிக்கும் சர்வீஸை @ஆட்டோவயர்டு இட்டு ஒரு ஃபீல்டாக வைத்திருக்கிறேன். அதே பயன்பாட்டின் ரெஸ்ட் கன்ட்ரோலரில் இந்தச் சர்வீஸ் ஒழுங்காக வந்து சேர்கிறது. சோப் கிளாஸில் மட்டும் முதல் அழைப்பிலேயே நல்பாயின்டர் எக்செப்ஷன் வருகிறது. காம்பொனென்ட் ஸ்கேனில் பேக்கேஜ் சேர்ந்திருப்பதையும் பார்த்துவிட்டேன். எங்கே தவறு?

பதில்: தாங்கள் எழுதிய வரிகளில் தவறு இல்லை, அந்த வரிகளைப் படிக்காத ஒருவர் தங்கள் ஆப்ஜெக்டை உருவாக்கியிருக்கிறார். அனோட்டேஷன் என்பது கிளாஸின் மீது ஒட்டிய ஒரு சீட்டு மட்டுமே. அதை எடுத்துப் படித்து அதன்படி நடக்க ஒரு நிரல் இருந்தாலொழிய அது தானாக எதையும் செய்யாது. @ஆட்டோவயர்டு என்ற சீட்டைப் படிக்கத் தெரிந்தது ஸ்பிரிங் கன்டெய்னர், அதாவது ஆப்ஜெக்டுகளை உருவாக்கி ஒன்றோடொன்று இணைத்துத் தரும் ஸ்பிரிங்கின் பகுதி. ஆனால் @வெப்சர்வீஸ் என்ற சீட்டைக் கண்டு தங்கள் கிளாஸைத் தேடிப்பிடித்தது சர்வரில் இருக்கும் ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் (சோப் சர்வீஸுக்கான ஜாவா தரம்) இயக்கச் சூழல். அது தன் வழக்கப்படி கிளாஸின் காலி கன்ஸ்ட்ரக்டரை அழைத்துத் தானே ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கிக்கொண்டு, வரும் கோரிக்கைகளை அதனிடம் அனுப்புகிறது. ஸ்பிரிங் என்று ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் ஆப்ஜெக்டின் அடையாள எண்ணையும் அழைப்பு அடுக்கையும் லாகில் எழுதும் ஒரு வரியைச் சேர்த்து சர்வரைத் துவக்குங்கள். கிளாஸின் மீது @காம்பொனென்ட்டும் இருக்குமானால், இரண்டு வெவ்வேறு எண்கள் வரும். ஒன்றின் அடுக்கில் ஸ்பிரிங்கின் பீன் ஃபேக்டரி (பீன் என்பது ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) தெரியும், மற்றதன் அடுக்கில் சர்வரின் பேக்கேஜ் பெயர்கள் தெரியும். முதல் ஆப்ஜெக்டுக்குள் எல்லாம் நிரம்பியிருக்கிறது, ஆனால் அதை யாரும் அழைப்பதில்லை. அழைக்கப்படுவது வெறுமையாகக் கிடக்கும் இரண்டாவது. அதே கிளாஸில் வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் என்ற ஃபீல்டை @ரிசோர்ஸ் இட்டு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அது அந்த இரண்டாவது ஆப்ஜெக்டில் சரியாக நிரம்பியிருக்கும், ஏனெனில் @ரிசோர்ஸும் @போஸ்ட்கன்ஸ்ட்ரக்டும் ஜேஎஸ்ஆர் 250 என்ற பொதுத் தரத்தில் உள்ளவை, ஆகவே சர்வருக்கும் அவற்றைப் படிக்கத் தெரியும்.

வழிகள் இரண்டு. சர்வர் உருவாக்கும் ஆப்ஜெக்டை மாற்ற முடியாத நிலையில், @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடுக்குள் ஸ்பிரிங்கின் ஸ்பிரிங்பீன்ஆட்டோவயரிங்சப்போர்ட் என்ற கிளாஸை அழைத்து, 'இந்த ஆப்ஜெக்டின் ஃபீல்டுகளையும் நிரப்பிக் கொடு' என்று கேட்கலாம். இந்தச் சூழ்நிலைக்காகவே எழுதப்பட்ட கிளாஸ் அது. நான் விரும்புவது மற்ற வழியை: ஆப்ஜெக்டை ஸ்பிரிங்கே உருவாக்கட்டும், வெளியிடும் வேலையை மட்டும் சோப் நூலகம் செய்யட்டும். அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் என்ற சோப் நூலகத்தைப் பயன்படுத்துவோர் என்ட்பாயின்டை (சர்வீஸ் வெளியே கிடைக்கும் முனையை) உருவாக்கும்போது கிளாஸைக் கொடுக்காமல், ஸ்பிரிங் தந்த பீனையே கொடுத்தால் போதும். எக்ஸ்எம்எல் வழியாகச் செய்வோர் இம்ப்ளிமென்டர் என்ற இடத்தில் கிளாஸின் முழுப் பெயரை எழுதினால் சிஎக்ஸ்எஃப் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பீனின் பெயரை எழுதி அதன் முன் ஒரு # குறி இட்டால், ஸ்பிரிங்கிடம் உள்ளதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த ஒற்றைக் குறி விடுபட்டதால் ஒரு முழு வேலை நாளை இழந்தவன் என்ற முறையில் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: @தணிக்கை என்று சொந்தமாக ஓர் அனோட்டேஷன் எழுதி மெத்தடுகளின் மீது இட்டேன். ரிஃப்ளெக்ஷன் (நிரல் ஓடும்போதே கிளாஸ்களை ஆராயும் வசதி) மூலம் தேடினால் அது இருப்பதாகவே காட்டவில்லை. கம்பைலும் பிழையின்றி முடிகிறது.

பதில்: அனோட்டேஷனின் வரையறையில் @ரிடென்ஷன் குறிப்பிட மறந்திருப்பீர்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா எடுத்துக்கொள்ளும் இயல்பு நிலை 'கிளாஸ்' என்பதாகும். அதாவது கிளாஸ் கோப்பு வரை சீட்டு வந்து சேரும், நிரல் ஓடும்போது ரிஃப்ளெக்ஷனுக்குத் தெரியாது. 'ரன்டைம்' என்று மாற்றினால் தெரியும். ஸ்பிரிங், ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ் (ரெஸ்ட் சர்வீஸுக்கான ஜாவா தரம்) ஆகியவற்றின் அனோட்டேஷன்கள் அனைத்தும் அவ்வாறே வரையறுக்கப்பட்டவை.

கேள்வி: எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், அமைப்புகள் எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்த காலமே நல்லது, ஒரே இடத்தில் முழு வரைபடமும் கிடைத்தது என்கிறார். அனோட்டேஷனுக்கு ஏன் மாறினார்கள்? அவர் சொல்வதில் நியாயம் உண்டா?

பதில்: பாதி நியாயம் உண்டு. மாறியதன் காரணத்தை அறிய, அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். என்டர்பிரைஸ் ஜாவா பீன் 2 காலத்தில் ஒரு சிறிய சர்வீஸுக்கே பீன் கிளாஸ், ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், இவை போதாதென்று ஒரு டிப்ளாய்மென்ட் டிஸ்கிரிப்டர் என்று பல கோப்புகளை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எழுத வேண்டியிருந்தது. தனக்குத் தேவையானதை ஒரு கிளாஸ் தானே தேடிச் செல்லாமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் முறைக்கு டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் முன்வைத்தார். ஸ்பிரிங் 1.0 அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. அதில் இணைப்புகள் எக்ஸ்எம்எல்லிலேயே எழுதப்பட்டன, ஏனெனில் அனோட்டேஷன் என்ற வசதியே ஜாவா மொழியில் அப்போது இல்லை. அது ஜாவா 5 உடன் 2004 செப்டம்பரில்தான் வந்தது. பின்பு 2006இல் ஜாவா இஇ 5, @வெப்சர்வீஸ் போன்றவற்றைத் தரமாக்கியது. ஸ்பிரிங் 2.5 2007இல் @ஆட்டோவயர்டையும் @காம்பொனென்ட்டையும் கொண்டுவந்தது.

எக்ஸ்எம்எல்லின் பெருங்குறை, அதில் கிளாஸின் பெயர் வெறும் எழுத்துச் சரமாக இருந்தது. ஒருவர் கிளாஸின் பெயரை மாற்றிவிட்டுக் கோப்பை மாற்ற மறந்தால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, சர்வர் துவங்கும்போதுதான் விழும். அனோட்டேஷன் கிளாஸின் மீதே இருப்பதால் பெயர் மாறினாலும் கூடவே வருகிறது. ஆனால் அதற்கு விலையாக, எது எதனுடன் இணைகிறது என்ற செய்தி நூற்றுக்கணக்கான கோப்புகளில் சிதறிவிட்டது. தங்கள் மூத்தவரின் வருத்தம் இதுதான். அவருக்கு ஸ்பிரிங் 3.0 முதல் உள்ள @கான்ஃபிகரேஷன் கிளாஸைக் காட்டுங்கள். முக்கியமான இணைப்புகளை @பீன் மெத்தடுகளாக ஒரே இடத்தில் எழுதலாம், கம்பைலரின் பாதுகாப்பும் கிடைக்கும்.

அவர் முழுவதும் சரியாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல், காத்திருப்பு நேரம் போல இடத்துக்கு இடம் மாறும் மதிப்புகள் அனோட்டேஷனுக்குள் நேரடியாக இருக்கவே கூடாது. அவற்றை மாற்ற மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். அனோட்டேஷனில் அந்த மதிப்பின் பெயர் மட்டும் இருக்கட்டும், மதிப்பு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: @ஆட்டோவயர்டு, @இன்ஜெக்ட், @ரிசோர்ஸ் மூன்றும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? எதைப் பயன்படுத்துவது?

பதில்: முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, மூன்றாவது தேடும் முறையில் வேறுபட்டது. @ஆட்டோவயர்டு ஸ்பிரிங்குக்கே உரியது. @இன்ஜெக்ட், கூகுளின் கைஸ் நூலகத்தை எழுதிய பாப் லீயும் ஸ்பிரிங்கின் ராட் ஜான்சனும் சேர்ந்து முன்மொழிந்து 2009இல் தரமான ஜேஎஸ்ஆர் 330 தந்தது. இவை இரண்டும் முதலில் டைப்பைப் பார்த்துத் தேடும். ஸ்பிரிங்கில் @ரிசோர்ஸ் முதலில் பெயரைப் பார்க்கும், அந்தப் பெயரில் ஒன்றும் இல்லாவிட்டால்தான் டைப்புக்கு வரும். ஃபீல்டின் பெயர் தற்செயலாக வேறொரு பீனின் பெயராக அமைந்துவிட்டால் டைப் பொருந்தவில்லை என்று பிழை வருவது இதனால்தான். ஒரே பயன்பாட்டில் மூன்றையும் கலக்காதீர்கள். ஸ்பிரிங்கை விட்டு வெளியேறும் எண்ணம் இல்லாதவர்கள் @ஆட்டோவயர்டு எழுதுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

இதைவிட இப்போது தொல்லை தருவது பேக்கேஜ் பெயர் மாற்றம். ஜாவா இஇயின் இன்றைய பெயரான ஜகார்த்தா இஇயின் 9ஆம் பதிப்பு 2020 டிசம்பரில் வந்தபோது, என்டர்பிரைஸ் பகுதியில் 'ஜாவாக்ஸ்' என்று துவங்கிய பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. புதிய சர்வருக்கு மாறியபின், பழைய ஜார் கோப்பு இன்னும் கிளாஸ்பாத்தில் கிடந்தால், பழைய பெயரில் உள்ள @பாத்தை இட்ட கிளாஸும் பிழையின்றி கம்பைல் ஆகும், சர்வரும் முணுமுணுக்காமல் துவங்கும். ஆனால் முகவரியை அழைத்தால் 404 வரும். சீட்டு இருக்கிறது, அதைப் படிப்பவர் வேறு பெயருள்ள சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஐடிஇ தானாகச் சேர்க்கும் இம்போர்ட் வரியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. இதே போல, ஜேடிகே 11இல் ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் நீக்கப்பட்டபோது @போஸ்ட்கன்ஸ்ட்ரக்டும் @ரிசோர்ஸும் சேர்ந்தே போய்விட்டன. அவற்றைத் தனி ஜாராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ்ஸில் எழுதிய ரிசோர்ஸ் கிளாஸை ஸ்பிரிங் கன்ட்ரோலராக மாற்றினேன். பயனரின் பெயரை ஒரு ஃபீல்டில் வைத்துப் பல மெத்தடுகளில் பயன்படுத்தும் அமைப்பை அப்படியே விட்டுவிட்டேன். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும்போது ஒருவருக்கு மற்றவரின் பெயர் தெரிகிறது.

பதில்: அந்த மாற்றத்தை உடனே திரும்பப் பெறுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ் தரத்தின்படி ரிசோர்ஸ் கிளாஸுக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய ஆப்ஜெக்ட் உருவாகும், பதில் போனதும் அது கழிந்துவிடும். ஆகவே அங்கே ஃபீல்டில் பெயரை வைப்பது பாதுகாப்பாக இருந்தது. ஸ்பிரிங்கில் இயல்பு நிலை சிங்கிள்டன்: எல்லாக் கோரிக்கைகளுக்கும், எல்லா த்ரெட்களுக்கும் ஒரே ஆப்ஜெக்ட். முதல் பயனரின் கோரிக்கை ஃபீல்டில் பெயரை எழுதிவிட்டு டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும்போது இரண்டாவது கோரிக்கை அதன் மேல் வேறு பெயரை எழுதிவிடுகிறது. முதலாவது திரும்பி வந்து படிக்கும்போது இருப்பது மற்றவரின் பெயர். தனியாக உட்கார்ந்து சோதிக்கும் ஒருவருக்கு இது ஒருநாளும் தெரிய வராது. பெயரை மெத்தடின் அளபுருவாக (பாராமீட்டராக) கடத்துங்கள்.

சிங்கிள்டனாக வைத்த ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ் கிளாஸிலும் @கான்டெக்ஸ்ட் இட்ட யூரிஇன்ஃபோ ஃபீல்டு மட்டும் எப்படிக் குழம்பாமல் இருக்கிறது என்று தாங்கள் கேட்கக்கூடும். அங்கே வைக்கப்படுவது உண்மையான ஆப்ஜெக்டே அல்ல, ஒரு பிராக்ஸி. அதை அழைக்கும் ஒவ்வொரு முறையும், நடப்புக் கோரிக்கைக்குரிய உண்மையான ஆப்ஜெக்டைத் தேடி அதனிடம் அழைப்பைத் தள்ளிவிடுகிறது.

கேள்வி: ஃபீல்டின் மீது @ஆட்டோவயர்டு இட்டால் ஐடிஇ எச்சரிக்கை தருகிறது, கன்ஸ்ட்ரக்டரைப் பயன்படுத்தச் சொல்கிறது. ஒரு வரியில் முடியும் வேலையை ஏன் நீட்ட வேண்டும்?

பதில்: ஒரு சோதனை எழுதிப் பாருங்கள், ஐடிஇயின் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். பிரைவேட் ஃபீல்டுகளில் இன்ஜெக்ஷன் நடக்கும் கிளாஸை 'நியூ' என்று எழுதி உருவாக்கினால், கம்பைலர் அனுமதித்துவிடும், கையில் கிடைப்பதோ பாதி ஆப்ஜெக்ட். கன்ஸ்ட்ரக்டரில் கேட்டால், தேவையான அனைத்தையும் கொடுக்காமல் ஆப்ஜெக்டை உருவாக்கவே முடியாது, ஃபீல்டுகளை ஃபைனல் என்றும் அறிவிக்கலாம். நீளமும் கூடுவதில்லை. ஸ்பிரிங் 4.3 முதல், கிளாஸில் ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அதன் மீது அனோட்டேஷனே தேவையில்லை. அளபுருக்கள் எட்டு, பத்து என்று நீண்டு அசிங்கமாகத் தெரிகிறதே என்று சிலர் குறைப்படுவதுண்டு. அந்தக் கிளாஸ் எட்டுப் பேரின் வேலையைச் செய்கிறது என்பதை ஃபீல்டு முறை மறைத்து வைத்திருந்தது, இப்போது வெளியே தெரிகிறது.

இரண்டு கிளாஸ்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால் கன்ஸ்ட்ரக்டர் முறையில் ஸ்பிரிங் துவங்காது. ஃபீல்டு முறையில் முன்பு சமாளித்து ஓடும். ஸ்பிரிங் பூட் 2.6 முதல் அதையும் இயல்பாகத் தடுத்துவிட்டார்கள். சிடிஐ (ஜகார்த்தா இஇயின் இன்ஜெக்ஷன் தரம்) பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய விதிவிலக்கு: @அப்ளிகேஷன்ஸ்கோப்டு போன்ற பீன்களுக்குப் பிராக்ஸி உருவாக்க வேண்டியிருப்பதால், அளபுரு இல்லாத, பிரைவேட் அல்லாத ஒரு கன்ஸ்ட்ரக்டரும் கூடவே இருக்க வேண்டும் என்று தரம் கேட்கிறது. அப்போது ஃபீல்டுகளை ஃபைனல் என்று அறிவிப்பது சிக்கலாகிவிடும்.

கேள்வி: ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு பீன்கள் வைத்திருக்கிறோம். கன்ஸ்ட்ரக்டர் அளபுருவின் பெயரைப் பீனின் பெயராகவே வைத்ததால் ஸ்பிரிங் சரியானதைத் தேர்ந்துவந்தது. பதிப்பை உயர்த்தியபின் இரண்டில் எது என்று தெரியவில்லை என்று நின்றுவிட்டது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

பதில்: கம்பைலர் இயல்பாக அளபுருக்களின் பெயர்களைக் கிளாஸ் கோப்பில் பதிவதில்லை. பிழைதிருத்தத்துக்காக எழுதப்படும் தகவலைத் துருவி ஸ்பிரிங் அவற்றை ஊகித்துவந்தது. 2023இல் வந்த ஸ்பிரிங் 6.1 அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. கம்பைலருக்கு 'பாராமீட்டர்ஸ்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பழையபடி வேலை செய்யும். முகவரியின் ஒரு பகுதியை அளபுருவாகத் தரும் @பாத்வேரியபிளில் பெயர் எழுதாமல் விட்டவர்களுக்கும் மருந்து இதுவே. ஆனாலும், இரண்டில் எது என்ற முடிவை ஓர் அளபுருவின் பெயரில் தொங்கவிடாமல் @குவாலிஃபயர் இட்டு வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பெயர்களைச் சீர்திருத்த வரும் அடுத்தவருக்கு அந்தப் பெயரில் இவ்வளவு அடங்கியிருப்பது தெரியாது.

கேள்வி: @டிரான்சாக்ஷனல் இட்ட மெத்தடுக்குள் பிழை நேர்ந்தும் டேட்டாபேஸில் பாதிப் பதிவுகள் தங்கிவிடுகின்றன. அதை அழைப்பது அதே கிளாஸின் இன்னொரு மெத்தடு.

பதில்: காரணம் தங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. இந்தச் சீட்டை மதித்து நடப்பது தங்கள் ஆப்ஜெக்ட் அல்ல, அதைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த பிராக்ஸி. வெளியிலிருந்து வரும் அழைப்பு பிராக்ஸியின் வாசல் வழியாக வருவதால் டிரான்சாக்ஷன் துவங்கும். வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவது போல, ஒரே ஆப்ஜெக்டுக்குள் நடக்கும் அழைப்பு வாசலைக் கடப்பதில்லை. அந்த மெத்தடை வேறொரு கிளாஸுக்கு எடுத்துச் சென்று இன்ஜெக்ட் செய்துகொள்ளுங்கள். அதன்பின்னும் பதிவுகள் தங்கினால், எறியப்படும் எக்செப்ஷன் எந்த வகை என்று பாருங்கள். ரன்டைம் எக்செப்ஷனுக்கும் எரருக்கும் மட்டுமே ஸ்பிரிங் இயல்பாக ரோல்பேக் செய்யும், அதாவது மாற்றங்களைத் திரும்பப் பெறும். செக்டு எக்செப்ஷன் என்றால் கமிட் செய்துவிடும், ரோல்பேக் வேண்டுமென்று தனியாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சர்வர் துவங்கும்போது எல்லாக் கிளாஸ்களையும் துருவிப் படிப்பதால்தானே தாமதமாகிறது? இதற்கு மாற்று இல்லையா?

பதில்: உண்டு. சீட்டுகளைக் கம்பைல் செய்யும்போதே படித்து, இணைக்கும் நிரலை அப்போதே எழுதிவைத்துவிடும் முறை. டாகர் என்ற இன்ஜெக்ஷன் நூலகம் இதை முன்பே செய்தது. வெப் சர்வீஸ் பக்கத்தில் 2018இல் வந்த மைக்ரோநாட்டும் 2019இல் வந்த குவார்கஸும் இவ்வழியில் செல்பவை. துவக்க நேரமும் நினைவகமும் குறையும், இணைப்பில் உள்ள பிழைகளில் பலவும் பில்டிலேயே பிடிபடும். நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வருக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை. அடிக்கடி துவங்கி நிற்கும் சிறு சர்வீஸ்களுக்கு உண்டு. குவார்கஸுக்கு மாறுவோர் இன்ஜெக்ட் செய்யும் ஃபீல்டுகளில் பிரைவேட் என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். அது இருந்தால் அந்த ஃபீல்டுக்கு மட்டும் மறுபடி ரிஃப்ளெக்ஷனைத்தான் அது நாட வேண்டியிருக்கும்.